றீட் லொக் சும்மா கிடைப்பதில்லை

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த வவுனியாத் தம்பி ஒருவர் கேட்ட கேள்விக்கு, அன்றைக்கு இருந்த அவசரத்தில் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். அவர் கேட்டது இதுதான்:

"அக்கா, இந்த த்ரெட் எல்லாம் றீட் லொக்தானே எடுக்குது? ஒரு றீடர் இன்னொரு றீடரை மறிக்காது எண்டுதானே கம்பஸில படிச்சனாங்கள். பிறகேன் எல்லாம் நிண்டுபோய்க் கிடக்குது?"

இதைக் கேட்காமலே பல வருடம் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டவருக்கு முழுப் பதில் கிடைக்க வேண்டும். புதியவர்களுக்கு ஒரு வரி: த்ரெட் என்பது ஒரே நிரலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் வேலைகளில் ஒன்று, லொக் என்பது அவை ஒரே தரவைத் தொடும்போது மோதாமல் காக்கும் பூட்டு. வாசிக்க மட்டும் வருபவர் றீடர், மாற்ற வருபவர் றைட்டர்.

முதலில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். சேர்வர் இருப்பது சிங்கப்பூரில், நாங்கள் இருப்பது கொள்ளுப்பிட்டியில். இரண்டு சாக்கெட் (அதாவது தனித்தனியாக இரண்டு சீபியூ சிப்), 64 கோர், நிறைய மெமரி. அதில் சி++ இல் எழுதிய எங்கள் சேவை ஒன்று ஓடுகிறது. ஏறத்தாழ 40 ஜிபி அளவுக்கு ஒரு பெரிய அட்டவணையை மெமரியில் வைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான த்ரெட்களில் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்வது அதன் வேலை. சராசரி நேரம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வரைபடத்தில் ஒழுங்கான இடைவெளியில் ஊசி மாதிரி உயரங்கள். அந்த நேரங்களில் சீபியூ பாவனை ஏறவில்லை, இறங்கியது. லோட் ஆவரேஜ் மட்டும் ஏறியது. சீபியூ சும்மா இருக்கிறது, லோட் ஏறுகிறது என்றால் த்ரெட்கள் எதற்கோ காத்துக் கிடக்கின்றன என்று பொருள்.

அப்போது, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை, அதாவது புரொசெஸ்களைப் பட்டியலிட 'பிஎஸ் ஆக்ஸ்' அடித்தால் பாதியில் நின்றது. 'பிஎஸ் -ஈ' அடித்தால் உடனே வந்தது. இந்த வித்தியாசத்தைத் தம்பிதான் முதலில் கண்டார், உண்மையில் விடை முழுவதும் அதற்குள்ளேயே இருந்தது. 'ஆக்ஸ்' என்று போட்டால் ஒவ்வொரு புரொசெஸின் முழுக் கட்டளை வரியையும் காட்ட வேண்டும். அந்த எழுத்துகள் இருப்பது அந்தப் புரொசெஸின் சொந்த மெமரியில். அதை எட்டிப் பார்க்க இயங்குதளத்தின் மையமான கேர்னல் அந்தப் புரொசெஸின் மெமரி வரைபடத்துக்கான லொக்கை எடுக்க வேண்டும். வெறும் பெயரைக் காட்ட அந்த லொக் தேவையில்லை. ஆகவே நின்றுபோனது அந்த லொக்கில்தான்.

அதற்கு இன்றைய பெயர் எம்மேப் லொக். 2020இல் லினக்ஸ் 5.8 வரும்வரை எம்மேப் செம் என்று இருந்தது. பழைய கட்டுரைகளைத் தேடுகிறவர்கள் அந்தப் பெயரில் தேடுங்கள். ஒரு புரொசெஸுக்கு ஒன்று. அதன் எல்லா த்ரெட்களுக்கும் அந்த ஒன்றுதான். வகையால் அது ஆர்டபிள்யூசெம், அதாவது தூங்கிக் காத்திருக்கக்கூடிய றீடர்-றைட்டர் லொக். பேஜ் ஃபோல்ட் வந்தால் (நிரல் தொட்ட முகவரிக்கு உண்மையான மெமரிப் பக்கம் இன்னும் இணைக்கப்படவில்லை என்றால்), 'இந்த முகவரி எந்தப் பகுதிக்குள் வருகிறது, அங்கே என்ன அனுமதி' என்று பார்க்க றீட் லொக். பகுதிகளையே மாற்றுகிற எம்மேப், எம்அன்மேப், எம்ப்ரொடெக்ட், பிஆர்கே போன்ற அழைப்புகளுக்கு றைட் லொக்.

நாங்கள் எம்மேப் அழைக்கவே இல்லையே என்று நினைப்பீர்கள். நிரலுக்கு மெமரி ஒதுக்கித் தரும் மெலொக் என்ற ஃபங்ஷன் (பெயரில் லொக் இருந்தாலும் அது பூட்டு அல்ல) அழைக்கிறதே. லினக்ஸில் வழமையான சி நூலகமான ஜிலிப்சியில் பெரிய துண்டு கேட்டால் (தொடக்க எல்லை 128 கேபி, பிறகு அது தானாக நகரும்) ஒரு எம்மேப், விடுவிக்கும்போது ஒரு எம்அன்மேப். த்ரெட்களுக்கென்று அது வைக்கும் தனி அரீனாக்கள் 64 பிட் இயந்திரத்தில் 64 எம்பி இடத்தை முதலில் அனுமதி எதுவும் இல்லாமல் ஒதுக்கிவைத்து, தேவை கூடக் கூட எம்ப்ரொடெக்ட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். ஒவ்வொரு திறப்பும் ஒரு றைட் லொக். புது த்ரெட் ஒன்றைத் தொடங்கினால் அதன் ஸ்டாக்குக்கும் காவல் பக்கத்துக்கும் அதே கதை. நிரலில் ஒரு வரிகூட எழுதாமல் நாம் எல்லோரும் றைட்டர்கள்தான்.

இனித் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அதற்குள் இரண்டு வேறு வேறு பிரச்சினைகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் மருந்து மாறிப்போகும்.

முதலாவது, றைட்டரே இல்லாவிட்டாலும் இருக்கிற செலவு. றீடர் ஒருவர் லொக்கை எடுத்தார் என்று எங்காவது குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் றைட்டருக்கு எப்படித் தெரியும்? ஆர்டபிள்யூசெம்மில் அது 64 பிட் எண் ஒன்று. கீழே உள்ள முதல் பிட் 'றைட்டர் உள்ளே இருக்கிறார்', அடுத்தது 'வரிசையில் ஆள் இருக்கிறது', அதற்கடுத்தது 'வரிசையின் தலையில் நிற்பவருக்கே கொடு'. பூச்சியத்திலிருந்து எண்ணினால் எட்டாவது பிட்டிலிருந்து மேலே றீடர்களின் எண்ணிக்கை. ஆகவே ஒரு றீடர் வந்தால் அந்த எண்ணோடு 256ஐக் கூட்டுகிறார், போகும்போது 256ஐக் கழிக்கிறார். கூட்டிய பின் தடை பிட்கள் ஏதும் இல்லையென்றால் லொக் அவருடையது. ஒரே ஒரு கட்டளை. பார்க்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது!

ஆனால் கூட்டுவது என்பது எழுதுவது. வாசிக்க வந்தவர் உள்ளே போகுமுன் எழுதுகிறார். வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் எத்தனை பேரும் ஒரே நேரத்தில் இருந்து வாசிக்கலாம், ஆனால் வாசலில் ஒரேயொரு பதிவேடும் ஒரேயொரு பேனையும்தான், வரும்போதும் போகும்போதும் கையெழுத்து வைக்க வேண்டும் என்று வைத்துப் பாருங்கள். ஒரு நாள் முழுக்க இருந்து வாசிப்பவருக்கு அது ஒரு பொருட்டல்ல. ஒரு சொல்லுக்குப் பொருள் பார்த்துவிட்டுப் போக வந்த அறுபது பேருக்கு, வாசிக்கும் நேரத்தைவிடப் பேனைக்குக் காத்திருக்கும் நேரம்தான் கூட.

சிப்புக்குள் நடப்பது இதுதான். மெமரி கோர்களுக்கிடையே 64 பைட் துண்டுகளாக, கேஷ் லைன்களாகப் பயணிக்கிறது. ஒரு லைனை வாசிப்பதென்றால் எல்லாக் கோரும் ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கலாம். எழுதுவதென்றால் ஒருவரிடம் மட்டும்தான் இருக்க வேண்டும், மற்றவர்களின் பிரதிகள் செல்லாதவையாக வேண்டும். 64 கோர் அந்த எண்ணோடு 256ஐக் கூட்ட நினைத்தால், அந்த ஒரு லைன் 64 இடத்துக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்வர வேண்டும். சாக்கெட் தாண்டினால் ஒரு பயணத்துக்கு நூறு நானோ விநாடி அளவில் போகும். நூறு என்றே வைத்துக் கணக்குப் பாருங்கள்: விநாடிக்கு ஒரு கோடிப் பயணம். ஒரு றீட் லொக்குக்கு வர ஒன்று, போக ஒன்று. ஆக விநாடிக்கு 50 லட்சம் றீட் லொக்தான் உச்சம். அது 64 கோருக்கும் சேர்த்து. 128 கோர் இயந்திரம் வாங்கினாலும் அதே 50 லட்சம், தூரம் கூடுவதால் அதைவிடக் குறையவும் கூடும்.

இதனால்தான் கேர்னலின் சொந்த ஆவணங்களிலேயே, உள்ளே செய்கிற வேலை நீளமாக இல்லாவிட்டால் றீடர்-றைட்டர் ஸ்பின்லொக்கைவிட (ஸ்பின்லொக் என்றால் தூங்காமல் சுற்றிக் காத்திருக்கும் லொக்) சாதாரண ஸ்பின்லொக்கே மேல் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறார்கள். பாடப்புத்தகம் மட்டும் படித்தவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். பாடப்புத்தகத்துக்கு மூலமான கூர்ட்வா, ஹேமன்ஸ், பார்னாஸ் மூவரின் கட்டுரை 1971இல் வந்தது. அவர்களின் கவலை யார் யாருக்கு முன்னுரிமை, யார் பட்டினி கிடப்பார் என்பது. கேஷ் லைன் என்ற கவலை அந்தக் காலத்து இயந்திரங்களுக்கு இல்லை.

இரண்டாவது பிரச்சினை அந்தப் பட்டினிக் கவலையிலிருந்தே வருகிறது, எங்கள் ஊசிகளுக்குக் காரணமும் அதுதான். றீடர்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் றைட்டருக்கு இடமே கிடைக்காது. ஆகவே ஆர்டபிள்யூசெம் நியாயமாக நடக்க முயல்கிறது. ஒரு றைட்டர் வரிசையில் வந்து நின்றுவிட்டால், அதற்குப் பிறகு வரும் றீடர்கள் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். நியாயம்தான். ஆனால் உள்ளே இருக்கிற ஒரு றீடர் நெடுநேரம் வெளியே வராவிட்டால்?

எங்கள் சேர்வரில் கண்காணிப்பு நிரல் ஒன்று சில விநாடிக்கொருமுறை, புரொசெஸ்கள் பற்றிக் கேர்னல் தகவல் தரும் புரொக் அடைவில் உள்ள எஸ்மேப்ஸ் கோப்பை வாசித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை பக்கம் உண்மையாக மெமரியில் இருக்கிறது என்று அந்தக் கோப்பு சொல்லும். சொல்வதற்கு, அந்தப் பகுதியின் பேஜ் டேபிளை (எந்த முகவரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற பட்டியலை) முழுக்க நடந்து எண்ண வேண்டும், அதுவும் எம்மேப் லொக்கை றீட் ஆகப் பிடித்துக்கொண்டு. எங்கள் அட்டவணை ஒரே பகுதி, 40 ஜிபி. 4 கேபி பக்கம் என்றால் 1,04,85,760 பக்கங்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட பதிவுகளை எண்ணி முடிக்கும்வரை அந்த றீடர் உள்ளேயே. நடுவில் சீபியூவை வேறு ஒருவருக்கு விட்டுக்கொடுக்கவும் கேர்னல் அனுமதிக்கிறது, லொக்கைக் கையில் வைத்தபடியே. கண்காணிப்பு நிரலுக்கு முன்னுரிமை குறைவு என்பதால் அது திரும்பி வரவும் நேரமாகும்.

இந்த நேரத்தில் ஏதோ ஒரு த்ரெட்டில் மெலொக் ஒரு எம்மேப் அழைக்கிறது. றைட்டர், வரிசையில் நிற்கிறார். அதற்குப் பிறகு எந்த த்ரெட்டில் பேஜ் ஃபோல்ட் வந்தாலும் அந்த றைட்டருக்குப் பின்னால். சில மில்லி விநாடிக்குள் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். நின்றுபோன த்ரெட்களின் ஸ்டாக்கைப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஆர்டபிள்யூசெம்மின் 'டவுன் றீட் ஸ்லோபாத்' என்ற ஃபங்ஷன். தம்பி சொன்னது சரி, எல்லாரும் றீட் லொக்தான் கேட்கிறார்கள். றீடர் ஒருவர் றீடரை மறிக்கவில்லை. நீண்ட றீடர் ஒருவர் குறுகிய றைட்டர் ஒருவரை மறித்தார், அந்த றைட்டர் மற்ற எல்லா றீடர்களையும் மறித்தார்.

கேர்னலை எழுதுபவர்கள் இந்த லொக்கைப் பல வருடமாக இழுத்து நீட்டிப் பார்த்திருக்கிறார்கள். அந்த வரலாறு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் அளந்து பார்த்து, முன்னர் சரியென்று இருந்த ஒன்றை மாற்றியிருக்கிறார். 2014இல் டேவிட்லோர் புவேசோவும் டிம் சென்னும் றைட்டர்கள் தூங்கப் போகாமல் கொஞ்சம் சுற்றிக் காத்திருக்கும் முறையைச் சேர்த்தார்கள். லொக் வைத்திருப்பவர் இப்போது ஏதோ ஒரு சீபியூவில் ஓடிக்கொண்டிருக்கிறார் என்றால் சீக்கிரம் விடுவார், தூங்கி எழும்பும் செலவு வீண் என்பது கணக்கு. வைத்திருப்பவர் றைட்டர் என்றால் ஆள் யாரென்று தெரியும். றீடர்கள் என்றால் பலர், யாரைப் பார்ப்பது? 2019இல் வைமன் லோங் செய்த பெரிய திருத்தத்தில் அதற்கு ஒரு நேர எல்லை வைத்தார். றீடர் எண்ணிக்கையைப் பொறுத்து 10 முதல் 25 மைக்ரோ விநாடி வரை சுற்றிப் பார், கிடைக்காவிட்டால் தூங்கு. ஏறத்தாழ 4 மில்லி விநாடிக்கு மேல் வரிசையின் தலையில் நிற்பவருக்கு, இடையில் புகுந்து பறிக்க முடியாதபடி லொக் நேரடியாகக் கைமாற்றப்படும். எழுப்பும்போது றீடர்களைக் கூட்டமாக எழுப்பலாம், ஒரு தடவையில் 256 பேர் வரை. றீடர்களும் சுற்றிக் காத்திருக்கலாம் என்று அதே திருத்தத்தில் இருந்ததை, பலன் போதாது என்று 2020 இறுதியில் அவரே எடுத்துவிட்டார்.

இவையெல்லாம் நல்ல வேலைகள். ஆனால் எதுவும் அந்த ஒரு கேஷ் லைனைத் தொடாமல் இருக்க உதவவில்லை. அதற்கு வேறு வழி வேண்டும்: றீடர்கள் ஆளாளுக்கு வேறு இடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழியின் ஒரு எல்லையில் பெர்-சீபியூ ஆர்டபிள்யூசெம் நிற்கிறது. ஒவ்வொரு சீபியூவுக்கும் தனிக் கவுண்டர். றீடர் தன்னுடையதை மட்டும் கூட்டுகிறார், பூட்டிய கட்டளைகூட வேண்டாம். றைட்டர் வந்தால்? எல்லோரும் மெதுவான வழிக்கு மாறும்வரை ஆர்சியூ காலம் ஒன்று (கீழே வரும் ஆர்சியூ முறையில், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் வெளியேற விடும் நேரம்) காத்திருந்து, எல்லாச் சீபியூவின் கவுண்டர்களையும் கூட்டிப் பார்த்து, மொத்தம் பூச்சியமாகும்வரை நிற்க வேண்டும். மில்லி விநாடிகள் போகும். கோப்பு முறைமையை உறைய வைப்பது, சீபியூ ஒன்றைக் கழற்றுவது மாதிரி எப்போதாவது நடக்கும் காரியங்களுக்குத்தான் அது சரி. மெலொக் பாட்டுக்கு றைட் லொக் கேட்கும் எம்மேப் லொக்குக்கு அது ஒத்துவராது.

நடுவில் ஒரு வழி, எனக்கு அழகாகத் தோன்றுவது, 2019இல் டேவ் டைஸும் அலெக்ஸ் கோகனும் வெளியிட்ட பிராவோ. எந்த லொக்கின் மேலும் அதைப் போர்த்தலாம். எல்லா லொக்குகளுக்கும் பொதுவாக 4096 இடங்கள் கொண்ட ஒரு மேசை. றீடர் தன் த்ரெட்டையும் லொக்கின் முகவரியையும் சேர்த்து ஹேஷ் செய்து, விழுகிற இடத்தில் லொக்கின் முகவரியை எழுதுகிறார். இடம் பிடிபட்டிருந்தால் பழைய வழியில் போகிறார். றைட்டர் வந்தால், றீடர்களுக்குக் கொடுத்த இந்த மேசைச் சலுகையை நிறுத்திவிட்டு மேசை முழுக்கத் தேடுகிறார். 4096 இடம், 32 கேபி, வரிசையாக வாசிப்பது வேகம். அந்தத் தேடலுக்கு எவ்வளவு நேரம் போனதென்று அளந்து, அதன் பல மடங்கு நேரத்துக்குச் சலுகையை மீண்டும் திறக்காமல் வைக்கிறார்கள். அதனால் றைட்டர்கள் அடிக்கடி வந்தாலும் நட்டத்துக்கு ஒரு வரம்பு உண்டு. தன்னால் எவ்வளவு கெடுதல் வரும் என்பதைத் தானே அளந்து கட்டுப்படுத்தும் லொக். பொறியியலில் இதைவிட நேர்மையான வடிவமைப்பை நான் அதிகம் கண்டதில்லை.

மறு எல்லையில் ஆர்சியூ. 2002இல் 2.5.43 கேர்னலோடு வந்தது, போல் மெக்கென்னி அதன் முகம். றீடர் எங்கும் எதுவும் எழுதுவதில்லை. மாற்றுகிறவர் புதிய பிரதியை வைத்துவிட்டு, பழையதைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடியவர்கள் எல்லாரும் போனபிறகு அழிக்கிறார். வேகத்தில் இதற்கு இணை இல்லை. ஆனால் றீடர் பழையதைக் காணலாம் என்பதை ஏற்றுக்கொள்ளும் தரவுக்குத்தான் பொருந்தும். மெமரி பகுதிகளுக்கு அது மட்டும் போதாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பகுதி கழன்றுவிட்டால் பக்கத்தை எங்கே வைப்பது?

எம்மேப் லொக்குக்குக் கடைசியில் கிடைத்த விடை இவை எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்துச் செய்தது. பகுதிகளின் பட்டியல் 2022இல் 6.1 கேர்னலில் மேப்பிள் ட்ரீ என்ற அமைப்புக்கு மாறியது. அதை ஆர்சியூவில் தேடலாம். அதன்மேல் 2023இல் 6.4 கேர்னலில் சுரேன் பக்தசார்யன் பெர்-விஎம்ஏ லொக்கைக் கொண்டுவந்தார். விஎம்ஏ என்பது நான் இதுவரை பகுதி என்று சொல்லிவந்தது. பேஜ் ஃபோல்ட் வந்தால் முழு வரைபடத்தையும் பூட்டாமல் அந்த ஒரு பகுதியை மட்டும் றீட் ஆகப் பூட்டினால் போதும்.

இதில் ஒரு நுணுக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். றைட்டர் ஒருவர் ஒரே அழைப்பில் பல பகுதிகளை மாற்றலாம். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பூட்டி, முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திறப்பதென்றால் எதைப் பூட்டினோம் என்று பட்டியல் வைக்க வேண்டும், மறந்தால் சீரழிவு. அதற்குப் பதிலாக இரண்டு எண்களை வைத்தார்கள். புரொசெஸின் மெமரி அமைப்பில் ஒன்று, ஒவ்வொரு பகுதியிலும் ஒன்று. இரண்டும் சமம் என்றால் அந்தப் பகுதி றைட்டரிடம் இருக்கிறது. றைட்டர் ஒரு பகுதியைத் தொடுமுன் அதன் லொக்கை ஒருகணம் எடுத்து, உள்ளே இருக்கும் றீடர்கள் போனதை உறுதிசெய்து, எண்ணைச் சமமாக்கிவிட்டு, லொக்கை உடனே விடுகிறார். கடைசியில் எம்மேப் லொக்கை விடும்போது புரொசெஸின் எண்ணோடு ஒன்றைக் கூட்டுகிறார். அந்த ஒரு கூட்டலில் பூட்டிய எல்லாப் பகுதிகளும் ஒரே நேரத்தில் திறபடுகின்றன. பட்டியல் இல்லை, சுற்றிவரத் தேவையில்லை. றீடர் எண்ணைப் பார்த்து, முயன்று பார்த்து, மறுபடி எண்ணைப் பார்க்கிறார். சரிவராவிட்டால் காத்திருக்காமல் பழைய எம்மேப் லொக் வழிக்குப் போகிறார்.

கேஷ் லைன் இங்கேயும் விடவில்லை. லொக்கை முதலில் விஎம்ஏ அமைப்புக்குள்ளேயே வைத்தபோது வேகம் குறைந்தது. லொக்கின் கவுண்டர் மாறிக்கொண்டே இருக்க, ஃபோல்ட்டின்போது வாசிக்க வேண்டிய மற்றத் தகவல்களும் அதே லைனில் பக்கத்தில் இருந்ததால் அவையும் சேர்ந்து அலைந்தன. ஆகவே 40 பைட் லொக்கைத் தனியாக வெளியே ஒதுக்கினார்கள். 2025இல் 6.15 கேர்னலில் முழு ஆர்டபிள்யூசெம்மையும் எடுத்துவிட்டு ஒரு 4 பைட் எண்ணிக்கையாகச் சுருக்கி, மறுபடி உள்ளே, ஆனால் தனிக் கேஷ் லைனில் வைத்தார்கள். லொக் எப்படி வேலை செய்கிறது என்பதோடு அது யாருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது என்பதும் சம அளவு முக்கியம். தம்பி, லினக்ஸில் வேகத்தை அளக்கும் பெர்ஃப் கருவியில் சி2சி என்றொரு உபகட்டளை இருக்கிறது. எந்த கேஷ் லைன் எந்தக் கோர்களுக்கிடையே அலைகிறது, அதில் எத்தனையாவது பைட்டை யார் தொடுகிறார் என்று காட்டும். பல மெய்நிகர் இயந்திரங்களில் அது ஓடாது. உண்மை இயந்திரத்தில் ஓட்டிப் பாருங்கள்.

நாங்கள் செய்தவை இவை. கண்காணிப்பு நிரலை எஸ்மேப்ஸ் வாசிக்காமல் நிறுத்தினோம். எங்களுக்குத் தேவைப்பட்டது மொத்த மெமரி அளவு மட்டும்தான். அது புரொக்கின் ஸ்டேட்டஸ் கோப்பில் இருக்கிறது, அதற்கு எம்மேப் லொக் தேவையே இல்லை. விரிவான கணக்கு வேண்டியவர்கள் எஸ்மேப்ஸ் ரோலப் கோப்பைப் பாவியுங்கள். வேறு யாராவது காத்திருந்தால் பகுதிக்குப் பகுதி லொக்கை விட்டு எடுக்கும்படி 2020இலேயே அதைத் திருத்தியிருக்கிறார்கள். ஒரே பகுதி 40 ஜிபி என்றால் அதுவும் முழுதாக உதவாது என்பதைக் கவனியுங்கள். நிறுத்தியவுடன் ஊசிகள் போய்விட்டன.

பிறகு மெலொக்கின் எம்மேப் எல்லையை உயர்த்தினோம், கோரிக்கைக்குக் கோரிக்கை பெரிய துண்டு எடுத்து விடுவது நின்றது. உபுண்டு 22.04இன் 5.15 கேர்னலில் இருந்து 24.04இன் 6.8க்குப் போனோம், பெர்-விஎம்ஏ லொக் அதோடு வந்தது. பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது கேர்னல் மாற்றத்தைத்தான். என் கருத்தில் அது மூன்றாவதாக வர வேண்டிய வேலை. நீண்ட றீடரைக் கண்டுபிடித்து வெளியே எடுக்காமல் லொக்கை எவ்வளவு வேகமாக்கினாலும் பயன் குறைவு.

இன்னும் மிச்சம் இருக்கிறது. பெர்-விஎம்ஏ லொக் பகுதிக்கு ஒன்று. எங்கள் அட்டவணையோ ஒரே பகுதி. எல்லா த்ரெட்டும் அதற்குள் ஃபோல்ட் எடுத்தால் பழைய நெரிசல் அப்படியே அந்தப் பகுதியின் எண்ணிக்கைக்கு இடம் மாறும். இரண்டாகப் பிரித்து எம்மேப் செய்தாலும், பக்கத்துப் பக்கத்தில் ஒரே அனுமதியோடு விழுந்தால் கேர்னல் அவற்றை ஒரே பகுதியாகச் சேர்த்துவிடக்கூடும். ஆகவே இப்போது முயல்வது ஃபோல்ட்களையே குறைப்பது. 2 எம்பி பெரிய பக்கங்களில் அதே 40 ஜிபிக்கு ஒரு கோடிக்குப் பதிலாக 20,480 ஃபோல்ட்கள். சேவை கோரிக்கைகளை ஏற்கத் தொடங்குமுன் அத்தனையையும் ஒருமுறை தொட்டுவிட்டால், பிறகு அந்தப் பகுதியில் லொக் எடுக்க அநேகமாக யாரும் வரப் போவதில்லை.

இதை அளந்து பார்க்கும் வேலை தம்பியிடம் இருக்கிறது. அன்ரன் பிளான்சார்ட் எழுதிய வில்-இட்-ஸ்கேல் சோதனைகளில் பேஜ் ஃபோல்ட் சோதனையை ஒரே எண்ணிக்கையில் த்ரெட்களாகவும் புரொசெஸ்களாகவும் ஓட்டச் சொல்லியிருக்கிறேன். புரொசெஸ்களுக்கு மெமரி வரைபடம் ஆளுக்கொன்று, த்ரெட்களுக்குப் பொதுவில் ஒன்று. 5.15இலும் 6.8இலும் ஓட்டி, கோர் கூடக் கூட இரண்டு கோடுகளும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று பார்க்க வேண்டும். மடிக்கணினியின் நாலு கோரில் ஓட்டிவிட்டு 'வித்தியாசம் ஒண்டும் இல்லை அக்கா' என்று வர வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். இரண்டு சாக்கெட்டிலும் வேலை விழும்படி 64 கோரிலும் ஓட்ட வேண்டும், ஒருமுறை ஒரே சாக்கெட்டுக்குள் அடக்கியும் ஓட்ட வேண்டும். இலக்கங்கள் வந்ததும் வரைபடத்தோடு போடுகிறேன்.